வாயில்லாச் சீவனுக்கும் வைத்தியப் பரிசோதனை

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்து வளவுக்குள் காலடி வைப்பவரை முதலில் எதிர்கொள்பவர் வீட்டுக்காரர் அல்லர், அவ்வீட்டு நாயே. அது நாலு குரல் குரைத்து ஓய்ந்த பின்னரே, "ஆர் அது?" என்று மனிதக் குரல் கேட்கும். வேலியோரத்துப் பூவரசங்குழைக்கு எட்டி நிற்கும் ஆடு, கிழித்துப் போட்ட பனையோலையை அசைபோடும் பசு, அடுக்களைத் திண்ணையிற் சுருண்டு கிடக்கும் பூனை, எருக்கும்பியைக் கிளறும் கோழி என்று வீட்டுக்கு வீடு ஒரு சிறு உயிர்க்கூட்டமே குடியிருக்கும். அயலிலுள்ள நெடுந்தீவுக்குப் பசுத்தீவு என்றொரு பழம்பெயரே உண்டு. தீவகத்து வாழ்வில் கடலுக்கு அடுத்த துணை இச்சீவன்கள்தாம் எனின் அது மிகையாகாது.

இவ்வளவு நெருக்கமாக நம்மோடு வாழும் இவற்றை மிருக வைத்தியரிடம் நாம் எப்பொழுது கொண்டு செல்கிறோம்? தீன் எடுக்காமல் மூன்று நாட் படுத்த பின்னர். வாயில் நுரை தள்ளிய பின்னர். நான்கு காலையும் நீட்டிய பின்னர். "எப்பொழுது தொடங்கியது?" என்று வைத்தியர் கேட்டால், "முந்தாநாள்" என்கிறோம். உண்மையில் அந்த நோய் மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்கியிருக்கும். மனிதனுக்குத் தலை இடித்தால் வாய்விட்டுச் சொல்லுவான். மிருகமோ நோயை மறைக்கும். காட்டில் நொண்டுகின்ற மானைத்தான் புலி குறிவைக்கும். ஆகவே நொண்டாதது போல நடப்பது மிருக இனத்துக்குப் பிறவிக் குணமாகி விட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனை அண்டி வாழ்ந்த நாயும் ஆடும்கூட இப்பழைய குணத்தை இன்னும் விட்டபாடில்லை.

நோயுற்ற மிருகத்துக்குச் செய்யும் பரிசோதனை ஒருவகை. நலமாகத் தோன்றும் மிருகத்துக்குச் செய்யும் பரிசோதனை இன்னொருவகை. முன்னதன் பயனை எல்லாரும் ஒப்புவர். பின்னதைச் சொன்னால், "நல்லா நிக்கிற மாட்டுக்கு ஏன் ஊசி?" என்று கேட்பர். இக்கேள்விக்குச் சரியான விடையை நம்முடையதைப் போன்றதொரு தீவில், நம்முடையவற்றைப் போன்ற ஆடுகளே அளித்திருக்கின்றன. அந்தத் தீவு மத்தியதரைக் கடலிலுள்ள மோல்ட்டா.

சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை மோல்ட்டாத் தீவில் ஒரு பொல்லாத காய்ச்சல் நிலவியது. வாரக்கணக்காக ஏறுவதும் இறங்குவதுமாக நின்று, மூட்டுகளை நோகச் செய்து, வியர்வையால் உடலை நனைத்து, ஆளை உருக்கிவிடும். அங்கே பாசறையிட்டிருந்த பிரித்தானியப் படையினர் நூற்றுக்கணக்கிற் பாயிற் படுத்தனர். 1887 இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர், இறந்த வீரரின் மண்ணீரலிலிருந்து இந்நோயின் கிருமியைப் பிரித்தெடுத்தார். கிருமி அகப்பட்டது, அது எங்கிருந்து வருகின்றது என்பது மாத்திரம் அகப்படவில்லை. காற்றென்றனர், நுளம்பென்றனர், சாக்கடை என்றனர். இவ்வாறே பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன.

அத்தீவில் ஆட்டுக்காரர் தம் மந்தையை வீட்டு வாயிலுக்கே ஓட்டி வந்து, கேட்ட அளவு பாலை அங்கேயே கறந்து கொடுப்பது வழக்கம். கண்முன்னே கறந்த பால், தண்ணீர் கலவாத பால். அதிற் குறைகாண்பவர் யார்? 1905 இல் தெமிஸ்டொக்கிளிஸ் சமிற் என்ற அந்நாட்டு வைத்தியர், பரிசோதனைக்கென்று சில ஆடுகளை வாங்கினார். எல்லாம் கொழுத்த, துள்ளுகின்ற ஆடுகள். அவற்றின் இரத்தத்தைச் சோதித்தபோது, எந்த நோயுமில்லை என்று நம்பியிருந்த அந்த ஆடுகளிற் பெரும்பாலானவற்றின் இரத்தம் மோல்ட்டாக் காய்ச்சற் கிருமியை ஒன்றுதிரளச் செய்தது. அதாவது, கிருமி முன்னரே உட்புகுந்து குடிகொண்டிருந்தது. பின்னர் தீவெங்கும் சோதித்தபோது ஏறக்குறையப் பாதி ஆடுகள் இவ்வாறு காணப்பட்டன. பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை வெளிவிட்டுக் கொண்டிருந்தது. 1906 இல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் பாசறையில் அக்காய்ச்சல் அருகிப் போயிற்று. பாலை விடாத ஊர்ச்சனங்களிடையே மாத்திரம் அது தொடர்ந்தது.

அந்த ஆடுகள் இருமவில்லை, இளைக்கவில்லை, பால் வற்றவுமில்லை. கண்ணாற் பார்த்து நலம் சொல்லும் வித்தையில் எத்தனை தேர்ந்த கிழவராயினும் அவற்றைக் குறைசொல்லியிருக்க முடியாது. ஒரு துளி இரத்தமே உண்மையைச் சொல்லிற்று.

இலங்கையிலும் மாடுகளிடத்தும் எருமைகளிடத்தும் இக்கிருமியின் உறவினமொன்று உண்டு. அதனை டென்மார்க்கு நாட்டு மிருக வைத்தியர் பேர்ண்காட் பாங் என்பவர் 1897 இல் கண்டறிந்தார். 'புரூசெல்லா' என்ற இனப்பெயர் மேலே சொன்ன புரூசின் நினைவாக வந்தது. சினைப்பட்ட பசு மாதம் நிறையுமுன் கன்றை ஈன்றுவிடுவதே இதன் முக்கிய அடையாளம். அவ்வாறு விழுந்த கன்றிலும் இளங்கொடியிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். நம்மூரில் இளங்கொடியை உமலிற் கட்டிப் பால்வடியும் ஆலமரக் கொம்பிலே தூக்கிவிடும் வழக்கம் உண்டல்லவா? அவ்வழக்கத்தை நாம் பழிக்கவில்லை. நாய் தின்னாமல் உயரத்திற் கட்டியதிற் புத்தியும் இருந்தது. ஆனால் அதை வெறுங்கையால் அள்ளிக் கட்டுவதுதான் ஆகாது. காலமல்லாக் காலத்தில் கன்று விழுந்தால் கைக்குக் கவசமின்றித் தொடலாகாது. வைத்தியருக்குச் சொல்லி, பசுவின் இரத்தத்தைச் சோதிப்பிக்க வேண்டும்.

சோதனை மிக எளியது. பசுவின் கழுத்து நரம்பிலே சிறிது இரத்தம் எடுத்து உறையவிட்டால் மேலே தெளிந்த நீர்ப்பாயம் நிற்கும். அதில் ஒரு துளி. றோஸ் பெங்கால் என்னும் செஞ்சாயமேற்றிய இறந்த கிருமிக் கரைசலில் ஒரு துளி. இரண்டையும் வெண்தகட்டிற் கலந்து நான்கு நிமிடம் அசைத்தால் போதும். தயிர் திரைந்தாற்போல இளஞ்சிவப்புத் துகள்கள் தோன்றினால் ஐயத்துக்கு இடமுண்டு. 'ஐயம்' என்று கூறுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்நோய்க்குத் தடுப்பூசி ஏற்றிய பசுவும் சிலவேளை இவ்வாறே காட்டும். ஆதலால் இன்னொரு சோதனையால் உறுதிசெய்த பின்னரே முடிவு கூறுவர். எப்படியாயினும் பாலைப் பொங்கக் காய்ச்சினாற் கிருமி சாகும். கறந்த சூட்டோடு பச்சைப் பாலைக் குடித்தால் உடம்பு தேறும் என்பவர் இன்றும் உளர். ஆட்டுப்பாற் கோப்பியின் மகிமையை நாமும் மறுப்பவரல்லேம். ஆனாற் பால் பொங்கிய பால் ஆகட்டும்.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இனந்தெரியாத காய்ச்சல் என்று சனங்கள் கலங்கியதும், சிலர் இறந்ததும், இரத்தப் பரிசோதனையின் பின் அஃது எலிக்காய்ச்சல் என்று தெளிவானதும் வாசகருக்கு நினைவிருக்கும். எலி மாத்திரமன்று, மாடும் ஆடும் நாயும்கூட வெளிக்கு ஒன்றும் தெரியாமல் அக்கிருமியைச் சலத்தோடு வெளிவிடக் கூடும்.

இனி நாயின் சங்கதிக்கு வருவோம். நம் நாய்களின் இரத்தத்தை உறிஞ்சும் தவிட்டுநிற உண்ணியைக் காணாத வீடு இல்லை. காதுமடலிலும் கால்விரல் இடுக்கிலும் மொய்க்கும் இவ்வுண்ணியை நாம் அரிப்புக்காரன் என்று மாத்திரமே எண்ணுகிறோம். அது சிவப்பணுக்களைத் தின்னும் ஒரு நுண்ணுயிரையும் நாய்க்கு நாய் காவித் திரிகிறது. இந்நுண்ணுயிருள் ஒருவகையை உலகம் முதலில் அறிந்தது தமிழ்நாட்டில் என்பது பலருக்குப் புதுமையாயிருக்கும். 1910 இல் பற்றன் என்ற ஆங்கில வைத்தியர், சென்னை வேட்டைக் கழகத்தின் வேட்டைநாய்களுடைய இரத்தத்திலே அதைக் கண்டு எழுதினார். பின்னர் ஒரு நரியின் இரத்தத்திலும் கண்டார். 'பபீசியா கிப்சோனி' என்று இன்று வழங்கும் அந்நுண்ணுயிர் இலங்கை நாய்களிடத்தும் உண்டு.

இதற்கும் மோல்ட்டா ஆட்டின் கதைதான். காய்ச்சலும் இரத்தச் சோகையுமாக முதலில் நாய் வாடும். பிழைத்துக் கொண்டால் நலமாகத் திரியும். கிருமி மாத்திரம் உள்ளே பதுங்கியிருக்கும். குட்டி ஈன்ற களைப்பிலோ வேறொரு நோயிலோ உடல் தளரும்போது மீண்டும் தலைகாட்டும். கண்டுபிடிக்கும் வழி இது: காது நுனியிற் குத்தி வரும் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, காற்றில் உலர்த்தி, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழே பார்த்தல். சிவப்பணுவுக்குள் பொட்டுப்போலவோ பேரிக்காய்ப் பிஞ்சுபோலவோ அது தென்படும். பதுங்கியிருக்கும் காலத்தில் இப்படலத்தில் அகப்படாமலும் போகும். அப்பொழுது நுட்பமான வேறு சோதனைகள் தேவைப்படும்.

தீவாருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. குப்பியிலிட்ட இரத்தம் வெயிலிற் பழுதாகும். உலர்ந்த தகடோ பழுதாகாமற் பயணம் செய்யும். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, வேலணைக்குப் போகும் தாம்போதியையும் பின்னர் பண்ணைத் தாம்போதியையும் கடந்து யாழ்ப்பாணம் சேர்வதற்குள் நோயாளி நாய் பாதி உயிராகிவிடும். தகட்டுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வைத்தியர் ஊருக்கு வந்த நாளில் எடுத்த தகட்டைப் பெட்டியில் மூடிக் கொண்டுபோனாற் போதும். திறந்து வைத்தால் மாத்திரம் ஈயும் எறும்பும் அதை நக்கித் துடைத்துவிடும்.

நாய்ப் பீயைப் பரிசோதிப்பது என்றால் முகஞ்சுளிப்பவர்கள் அடுத்த பந்தியைக் கவனமாக வாசிக்க வேண்டும். அது நாயின் காரியம் மாத்திரமன்று. நாயினதும் பூனையினதும் குடலில் வாழும் கொக்கிப்புழு வகையொன்றுக்கு 'அங்கைலொஸ்தோமா சிலானிக்கம்' என்று பெயர். பெயரிலேயே இலங்கை இருக்கிறது. 1911 இல் லூஸ் என்ற அறிஞர், இலங்கையில் ஒரு மரநாயின் குடலிலிருந்து பெறப்பட்டதைக் கொண்டு அதை விவரித்தார். இப்புழு மனிதரின் குடலிலும் தங்கி வளரவல்லது. ஈரமணலில் நாய் கழித்த இடத்தில் முட்டை பொரிந்து, புழுக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்செல்லும். நாயின் வேறொரு கொக்கிப்புழுவோ தோலுக்குள்ளேயே வழிதெரியாது ஊர்ந்து, சிவந்த கோடிட்டு, தாங்கமுடியாத அரிப்பை உண்டாக்கும். குழந்தைகள் மணலில் விளையாடும் முற்றத்தில் இதை அசட்டை செய்யலாமா?

இதற்கான சோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. உப்புக் கரையக் கரையப் போட்டு, இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கடுமையாக்கிய நீரிலே சிறிது மலத்தைக் கரைத்து வடித்து, சிறு குப்பியில் விளிம்புவரை நிரப்பி, மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைப்பர். புழுமுட்டை அவ்வுப்புநீரை விட இலேசானது. மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக் கொள்ளும். கால் மணி நேரம் கழித்து அதை நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். கடல்நீரில் நாம் எளிதாக மிதப்பதும் இதே நியாயத்தாலேதான் என்பதை விஞ்ஞானம் கற்கும் மாணவர் உடனே கண்டுகொள்வர். மலம் அன்றையதாக இருக்க வேண்டும். நம் வெக்கையில் ஒரு நாள் தாமதித்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்துவிடும். முட்டை காணப்படாவிட்டால் புழு இல்லை என்று துணியவும் முடியாது. முட்டையிடும் பருவம் அடையாத இளம்புழுக்கள் உள்ளே இருக்கலாம். தாயின் வயிற்றிலேயே வட்டப்புழுவையும், தாய்ப்பாலிலேயே கொக்கிப்புழுவையும் பெற்றுக் கொள்ளும் நாய்க்குட்டிகளுக்குச் சோதனை பார்த்துக் காத்திராமல், பிறந்த இரண்டாம் வாரந்தொட்டே பூச்சிமருந்து கொடுப்பது இதனாலேதான்.

இவ்வாறு பரிசோதனையின் பெருமையைச் சொல்லிக் கொண்டு போகும்போது, அது முற்றாகக் கைவிடும் ஓரிடத்தையும் சொல்லியாக வேண்டும். அதுவே எல்லாவற்றிலும் உயிர்ப்பிரச்சினையான இடம். விசர்நாய்க்கடி.

கடித்த நாய்க்கு விசரா, இல்லையா என்பதை அந்நாய் உயிரோடிருக்கையில் உறுதியாகச் சொல்லவல்ல சோதனை இன்றளவும் இல்லை. விசர்க்கிருமி மற்றக் கிருமிகள் போல இரத்தத்திலே பரவுவதன்று. கடிவாயிலிருந்து நரம்பு வழியே ஊர்ந்து மூளையை அடைந்து, அங்கே பெருகி, மீண்டும் நரம்பு வழியே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்கும். ஆகவே இரத்தத்தைப் பார்த்துப் பயனில்லை. உமிழ்நீரிலோ ஒருவேளை இருக்கும், ஒருவேளை இராது. மூளையையே பார்க்க வேண்டும். அதற்கு நாய் இறந்திருக்க வேண்டும். 1903 இல் இத்தாலிய வைத்தியர் நெக்ரி, விசர்நாயின் மூளை அணுக்களுக்குள் சாயமேற்றினாற் சிவந்து தோன்றும் உருண்டைகளைக் கண்டார். நெடுங்காலம் அவ்வுருண்டைகளே சாட்சியாயிருந்தன. 1958 இல் ஒளிரும் சாயத்தைப் பயன்படுத்தும் முறை வந்தது. கிருமி இருந்தால் இருட்டறை நுணுக்குக்காட்டியில் அது பச்சையாய் ஒளிவிடும். கொழும்பு பொறளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இச்சோதனை செய்யப்படுகிறது.

உயிரோடிருக்கும் நாய்க்குரிய ஒரே சோதனை நாட்காட்டிதான். கிருமி உமிழ்நீருக்கு வந்த பின் நாய் சில நாட்களுக்குள் நோய்க்குறி காட்டி இறந்துபோகும். ஆகவே கடித்த நாயைக் கட்டி, சோறும் நீரும் வைத்துப் பத்து நாட் கவனிப்பர். பத்தாம் நாளும் அது வழக்கம்போல வாலாட்டி நின்றால், கடித்த அன்று அதன் உமிழ்நீரிற் கிருமி இருக்கவில்லை என்று கொள்ளலாம். பூனைக்கும் இதே கணக்கு. கீரிக்கும் நரிக்கும் இக்கணக்குப் பொருந்தாது.

இங்கேதான் சிலர் உயிரை இழக்கிறார்கள். "நாயைக் கட்டி வைச்சிருக்கு, பாத்துப் போட்டு ஊசி போடுவம்" என்று காத்திருக்கிறார்கள். காத்திருக்க வேண்டியது நாயேயன்றி மனிதனன்று. கடிபட்ட உடனே ஓடும் நீரிற் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பத்து நாளின் பின் நாய் நலமாயிருந்தால் மிகுதி ஊசியை வைத்தியர் நிறுத்திக் கொள்வார். நோய்க்குறி மனிதனில் ஒருமுறை தோன்றிவிட்டால் மீட்சி இல்லை. 1973 இல் இந்நாட்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி ஏற்றும் திட்டம் வந்த பின் அத்தொகை படிப்படியாக இறங்கி, அண்மை ஆண்டுகளில் இருபது முப்பது என்ற அளவில் நிற்கிறது. சோதித்தறிய முடியாத நோயை ஊசியால் முந்திக் கொண்டோம் என்று சொல்ல வேண்டும்.

கட்டிவைத்துக் கவனிப்பதற்கு நாய்க்கு ஒரு வீடு வேண்டுமே! 1991 இல் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தமையும், பலர் குடும்பத்தோடு கடல்கடந்து போனமையும் யாவரும் அறிந்ததே. பூட்டிய வீடுகளும் பற்றைபிடித்த வளவுகளும் புங்குடுதீவில் இன்றும் உள. அவ்வளவுகளிற் குட்டிபோட்டுப் பெருகும் நாய்க்கு உரியவர் யார்? அது கடித்துவிட்டு ஓடினால் பத்து நாள் எண்ணுவதெப்படி? அத்தகைய கடியை விசர்நாய்க்கடி என்றே கொண்டு ஊசிகளை முற்றாகப் போட்டு முடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெளிநாட்டிலிருந்து கோயில் திருவிழாவுக்குக் காசு அனுப்பும் ஊர்ச்சங்கங்கள், வருடத்தில் ஒருநாள் இந்த ஆளில்லா நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்விப்பதையும் ஒரு திருப்பணியாக எண்ணினால் என்ன என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

கொழும்பு போன்ற நகரங்களில் இப்பொழுது வளர்ப்பு நாய்க்கு வருடாந்த இரத்தப் பரிசோதனை, சலப் பரிசோதனை, கதிர்ப்படம் என்று நீண்ட பட்டியலே போடுகிறார்கள். ஒரு துளி இரத்தத்தை இட்டதும் கோடு விழுந்து விடைகாட்டும் சிறு அட்டைகளும் வந்துவிட்டன. ஏழெட்டு வயது கடந்த நாய்க்குச் சிறுநீரகத்தைப் பார்ப்பது நல்லதுதான். ஆயினும் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று தெரியாமற் செய்யும் சோதனை பணவிரயம். வைத்தியரிடம், "இதிலே என்ன தெரியவரும், தெரிந்தால் நீங்கள் வேறு என்ன செய்வீர்கள்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியன சில உள. நாயின் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள்; இளஞ்சிவப்பாயிருந்தால் நன்று, வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலோ புழுவோ இரத்தத்தைக் குடிக்கிறது, மஞ்சளாயிருந்தால் அன்றே புறப்படுங்கள். பிடரித்தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமனாக வேண்டும்; கூடாரம் போல நின்றால் உடலில் நீர் குறைந்துவிட்டது. மலவாயிலில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி நலமான நாய்க்கு 101 பாகைக்கும் 102½ பாகைக்கும் இடையே காட்டும். மனிதனுக்குரிய 98½ ஐ நினைத்துக் கொண்டு பயப்படக் கூடாது. பாடசாலைப் பிள்ளை ஒருவர் ஓர் அப்பியாசக் கொப்பியை இதற்கென்று ஒதுக்கி, மாதம் ஒருமுறை நிறை, சூடு, தின்ற தீன், கொடுத்த மருந்து, ஊசி போட்ட திகதி என்பவற்றை எழுதி வைத்தால், "முந்தாநாள்" என்ற விடைக்குப் பதிலாக வைத்தியர் கையில் ஆறு மாதச் சரித்திரம் இருக்கும். தீவகத்துக்குப் பொறுப்பான அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலிருந்து தடுப்பூசிக்கு வருகிறார்கள் என்று அறிவித்தல் வரும் நாளில், அக்கொப்பியையும் ஆட்டையும் நாயையும் ஒருங்கே கொண்டு போகலாம். நாயைக் கயிற்றிற் கட்டிக்கொண்டு போங்கள். வரிசையிற் பக்கத்து வீட்டு நாயும் நிற்கும்.